கரித்துண்டு இல்லாத தட்டு

பொழுதுபட்ட பிறகு பொரித்த மீனைத் திறந்தபடி கையில் வைத்துத் தின்றுகொண்டே தெருவில் நடக்கும் மனிதர்களை ஒக்லாந்தில்தான் முதலில் கண்டேன். கிளென்ஃபீல்டில் எங்கள் தெருமுனைக் கடையிலிருந்து அப்படித்தான் வருகிறார்கள். எவரையும் எதுவும் பின்தொடர்வதாகத் தெரியவில்லை. எனக்கோ இன்னும் நெஞ்சு பதறும். யாழ்ப்பாணத்தில் இருட்டும் வேளையில் மீனோ இறைச்சியோ ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால், அதோடு ஒரு கரித்துண்டும் போகும். மணத்தைப் பிடித்துப் பின்னால் வருபவை கரியைக் கண்டால் நின்றுவிடும். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடும், நானும் படித்தவள்தான். ஆனால் என் குசினியில் பார்பிக்யூ கரி ஒரு பை எப்போதும் உண்டு. பார்பிக்யூ அடுப்புத்தான் கிடையாது.

பக்கத்து வீட்டு பிர்கிட் சுவீடன்காரி. கணவர் லார்ஸ் இறந்து சில வருஷங்களாகின்றன. போன குளிர்காலத்தில் ஒருநாள், முறிந்த மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் வேலியருகே வந்து நின்றாள். அன்று லார்ஸின் பிறந்தநாளாம். இறால் உரிக்க முடியவில்லை, ஸ்மோர்கோஸ் செய்து தருவாயா என்று கேட்டாள். அது மூடி இல்லாத சாண்ட்விச். கறுத்த ரை பாண் ஒரு துண்டு, ஓரம்வரை பட்டர், சலாது இலை, வட்டமாக அரிந்த அவித்த முட்டை, மயோனெய்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே குவியலாக இறால், டில் தழை. மிளகாய் என்ற பேச்சே இல்லை. மேலே இன்னொரு பாணை வைத்து மூடத்தான் என் கை போய்க்கொண்டிருந்தது. இப்படித் திறந்து போட்டும் ஒரு சாப்பாடா என்று எரிச்சல்கூட வந்தது. இரண்டு செய்து முடிக்க வெளியே இருட்டிவிட்டது. தட்டில் இறாலுக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டை வைத்துக்கொண்டு போனேன்.

பிர்கிட் மேசையில் இருவருக்குத் தட்டுப் போட்டிருந்தாள். யாரோ வந்து உட்காரப்போவதுபோல எதிர்க்கதிரை பின்னுக்கு இழுத்துவிடப்பட்டிருந்தது. அந்தக் குளிரிலும் கதவு திறந்தே கிடந்தது. எங்கள் இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை, பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

“இதென்ன, தின்னுறதோ?” என்று கரியைக் காட்டினாள்.

“இல்லை. செத்தவை பின்னாலை வராமல் இருக்க.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

“அவர் வரவேணுமெண்டுதானே நான் செய்யச் சொன்னனான்.”

கரியை எடுத்துக் குப்பையில் போட்டாள். சற்று நேரத்தில் அந்த அறையில் புகையிலை மணத்தது. புகைக்கிறவர் அங்கே யாருமில்லை. பிர்கிட் எதிர்க்கதிரையைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னாள், பிறகு பதில் கேட்கிறவள்போலத் தலையாட்டினாள். பயத்தில் வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினேன். பொறாமையாகவும் இருந்தது.

“உன்ர மனிசனுக்கு நீ என்ன வைக்கிறனி?” என்றாள் என் பக்கம் திரும்பி.

“அவர் சாகேல்லை.”

“அப்ப எங்கை?”

போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர் என் கணவர். உடலைக் கண்டவர் இல்லை. சாதகத்தைக் காட்டிக் கேட்ட சாத்திரிமார் எல்லாரும் இருக்கிறார் என்றே சொன்னார்கள். அதனால் திவசம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை, என் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. இந்தக் கிளென்ஃபீல்ட் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இறந்திருந்தால் இவ்வளவு காலமும் எந்த வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிட்டாரோ? பிர்கிட்டிடம் “தெரியாது” என்று மட்டும் சொன்னேன்.

அவள் தன் பங்குத் தட்டை என்னிடம் நீட்டினாள். “கொண்டு போ. மூடாதை.”

புல் நனைந்திருந்தது. வேலியைத் தாண்டும்போது பின்னால் யாரோ புல்லை மிதிக்கும் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்து, அங்கே ஒருவரும் இல்லையென்றால் அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார். அவரைக் கண்டால் அவர் செத்துவிட்டார். இரண்டில் எதைத் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமும் ஒருத்தியாகக் காத்திருந்து களைத்துப்போயிருந்தேன். வாசலுக்கு வந்து, கதவை அகலத் திறந்து, விளக்கைப் போட்டேன். திரும்பாமலே சொன்னேன்:

“இஞ்சாருங்கோ, செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ.”