என் வயிறும் முனிரத்தினத்தின் பருப்பும்

பட்டாளத்தில் சேருவது சுலபம். வயிறு அங்கேதான் கெட்டது என்று சர்க்காரை நம்ப வைப்பதுதான் கஷ்டமான உத்தியோகம். அறுபதுகளின் கடைசியில் வடக்கே மலைமுகாமிலிருந்து அல்சரோடு திருப்பாச்சூர் திரும்பிய நான், பல வருஷம் அந்த உத்தியோகம்தான் பார்த்தேன். ஊனப் பென்ஷன் இல்லை என்றார்கள். அப்பீல் போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்கள் பக்கத்து மிளகாய்

மெட்ராஸில் மெடிக்கல் போர்டு. தலைமை டாக்டர் ஒரு கர்னல். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வயிற்றை அமுக்கக்கூட இல்லை, எந்த ஊர் என்று கேட்டார். திருவள்ளூர் பக்கம் என்றேன். என் அப்பா ஆயுசு முழுக்க அதே காரம் தின்று திடமாக இருந்ததைச் சொல்வதற்குள் ஃபைலை மூடிவிட்டார்.

"ஆந்திரா பக்கம்தானே? அப்ப மிளகாயைக் கேளுய்யா பென்ஷன்!"

விரல் போனவன்

லங்கர் என்கிற பட்டாளச் சமையல்கூடத்தில் எனக்குப் பருப்பு ஊற்றியவன் ஆர்.கே.பேட்டை முனிரத்தினம். வெங்காயம் நறுக்கும்போது விரலையும் நறுக்கிக்கொண்டான். அவனுக்குப் பென்ஷன் உடனே வந்தது. என் குடலையும் நறுக்கியவன் அவன்தானே! ஊருக்கே போய், "உன் பருப்பாலதான் கெட்டுச்சுன்னு சாட்சி சொல்லு" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா நைனா, இன்னொரு விரல் கேளு, குடுக்கறேன். என் பருப்பைப் பத்திப் பேசாதே!"

கோபத்தில் அடுத்த அப்பீலில் அவன் பெயரையும் பருப்பையும் சேர்த்தே எழுதினேன்.

கஞ்சி செய்த துரோகம்

போர்டுக்குக் கிளம்புகிற ஆள் தெம்பாக இருக்கவேண்டும் என்று என் மனைவி பாக்கியம் கஞ்சியும் மோரும் மணத்தக்காளியுமாகக் கவனித்தாள். கர்னல் அமுக்கோ அமுக்கென்று அமுக்கினார். வயிறு வாயே திறக்கவில்லை. தள்ளுபடி. வீட்டுக்கு வந்து, உன் கஞ்சியால்தான் பென்ஷன் போச்சு என்று கத்தினேன். பாக்கியம் திருப்பிக் கேட்டாள்.

"வலி நின்னுச்சேன்னு சிரிக்காம, இன்னாத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு கீறே?"

கடைசி அப்பீல்

இந்தத் தடவை பாக்கியத்தின் கஞ்சியைத் தொடவில்லை. அப்பீலில் பெயர் இருந்ததால் போர்டு கூப்பிட்டனுப்பிய முனிரத்தினம் வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றான். தன் பருப்பின் மேல் விழுந்த பழியைத் துடைக்க, முகாமில் செய்த மாதிரியே செய்து எடுத்து வந்திருக்கிறான்! உள்ளே போய்க் கர்னல் முன்னால் சட்டியைத் திறந்தான்.

"நீங்களே துன்னு பார்த்துச் சொல்லுங்க சார்."

மத்தியானம் தாண்டியிருந்தது. கர்னலுக்கும் பசி. எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றச் சொல்லி, அவரும் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நான் பெஞ்சில் சுருண்டேன். நிமிர்ந்து பார்த்தால், கர்னல் மேஜை டிராயரிலிருந்து பால் மாதிரி மருந்தை எடுத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். விடுவேனா?

"சார், நீங்களும் ஆந்திரா பக்கங்களா?"

ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி பேனாவைத் திறந்தார்.

"கும்பகோணம்யா. மிளகாயே தொடமாட்டேன். எல்லாம் வருஷக்கணக்கா தின்ன இந்த லங்கர் பருப்புதான்... எங்க கையெழுத்துப் போடணும்?"

பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது, வலியும் போகவில்லை, கோபமும் போகவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் சர்க்கார் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.