ஞாயிற்றுக்கிழமை வந்த மாவ்பிக்காரர்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில் சில வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டவர்கள். இத்தாலியில் ஒரே கழகத்துக்குப் பந்து ஆடியவர்கள். கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அதன் எதிரணிக்கு ரங்கூனில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எனக்கு உறவு.

ரங்கூனின் கியாக்டடாப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்த பெரியப்பா, நடைபாதைப் புத்தகக் கடைகளில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளை வாங்கி வந்து அந்தப் படங்களைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். கோல் அடித்துப் பேர் வாங்கியவர்களுக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது. வேறு கழகம் கூப்பிட்டும் போகாமல், சேர்ந்த இடத்திலேயே ஆடி ஓய்ந்தவர்கள் மட்டும்தான். பையனாக வந்து தலை நரைக்கும்வரை கோல் காத்த ஒருவர். முழங்கால் கெட்டுப்போன பின்னும் ஒவ்வொரு வருஷமும் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கிய நடு ஆட்டக்காரர். எல்லாருக்கும் மேலே, வாசல் நிலைக்குப் பக்கத்தில், இடது பக்கம் காவல் நின்ற ஒருவர். மற்றவர்களை, எத்தனை கோல் அடித்திருந்தாலும் சரி, பெரியப்பா 'விருந்தாளிங்க' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்.

அந்த இடது காவலரின் கதையை நான் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்தேன். பணக்காரக் கழகம் ஒன்று அவரை விலைக்குக் கேட்டுவிட்டது. முதலாளிமார் சம்மதித்துவிட்டார்கள். பெட்டியோடு ரயிலடிக்குப் போனவர், பெஞ்சில் உட்கார்ந்து ரயில் வருவதையும் நிற்பதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மைதானத்துக்கு வந்து, 'ரயில் போயிடுச்சு' என்றார். அவ்வளவுதான் கதை. கோவிலில் யாராவது அத்தையைக் காட்டி, 'தங்கச்சிக்கு ஒண்ணும் பாக்கலையா?' என்று கேட்டால் பெரியப்பா இந்தக் கதையைத்தான் சொல்வார். சொல்லி முடித்து, 'இவளும் அந்த மாதிரி' என்பார். அத்தையைப் புகழ்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என்னைப் பெற்றதோடு அம்மா போய்விட்டாள். அப்பா கப்பலில் இருந்தார். கடிதமாகவும் சோப்புக்கட்டியாகவும் வருவார். பெரியப்பாவுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. எனக்குத் தலை வாரி, கன்னத்தில் தனகாப் பட்டைச் சாந்து பூசி, சோறு கட்டிக் கொடுத்துவிட்டு அத்தை புறநகரில், லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போவாள். தெருமுனைக்குத் தொழிற்சாலை வண்டி வரும். அதை எல்லாரும் ஃபெரி என்பார்கள். அதில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள்.

அது ராணுவ ஆட்சி, யாரையும் நம்பக் கூடாத காலம். வெளியூர்க்காரர் ஓர் இரவு தங்கினாலும் வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மாடிப்படியில் புதுச் செருப்பு கிடந்தால் எல்லா வீட்டிலும் குரல் தாழும். பெரியப்பாவிடம் வெளிநாட்டு வானொலியின் பர்மியச் செய்தியைப் பிடிக்கிற ஒரு ரேடியோ இருந்தது. அதை அவர் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்பார். கேட்ட செய்தியை எங்களிடம்கூடச் சொல்லமாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த ஆள் வந்தார். எங்கள் மொட்டைமாடியில் டிஷ் இருந்ததால் ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு அக்கம்பக்கத்தவர் நாலு பேர் வருவது வழக்கம். அவர்களுக்குப் பின்னால், செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நம் கழகத்துச் சட்டை போட்டிருந்தார். சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. ஊர் மாவ்பி, வீட்டில் காய்கறித் தோட்டம், தமிழ் ஆள்தான் என்றார். ஆனால் பெரியப்பாவைப் பர்மியர் அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'அக்கோ' என்று கூப்பிட்டார். இங்கே இத்தாலி ஆட்டம் போடுவதாகக் கீழே வெற்றிலைக் கடையில் சொன்னார்களாம்.

பெரியப்பா அவருக்குப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன், எதேச்சையாகக் கேட்பதுபோல், நம் கழகத்தில் ரொம்ப நாள் ஆடியவர் யார் தம்பி என்று கேட்டார். மாவ்பிக்காரர் தேநீரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது ஒரு விருந்தாளியின் பெயர். இரண்டே வருஷம் இருந்து, நிறைய கோல் அடித்து, அதிக விலைக்கு வேறெங்கோ போனவர். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு அவர் சொன்னார்: "இவன் பந்து பாக்க வந்தவன் இல்ல."

ரேடியோவை எடுத்துத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. சொல்லப்போனால் சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வெற்றிலைக் கடைக்காரம்மாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை யாராவது எங்கள் வீட்டை விசாரித்தார்களா என்று கேட்டேன். ஒருவரும் விசாரிக்கவில்லை என்றாள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் இன்னும் சிறுத்துப்போயிற்று. வழி கேட்காமலே வீடு தெரிந்திருக்கிறது என்றால், அந்த ஆளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் சன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. அரிசி அளக்கும்போது ரேடியோ கையில் இடிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். தோட்டத்துக் கொய்யாப் பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். கழுவித் தருகிறேன் என்று அத்தை வாங்கிக்கொண்டாள். நான் தின்னமாட்டேன் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

இந்தத் தடவை அவராகவே பேச்சை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பையன்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, நரைத்த கோல்காவலரிலிருந்து ஆரம்பித்தார். முழங்கால்காரரைச் சொன்னார். மூத்த ஆட்டக்காரர் ஓய்வு பெறட்டும் என்று வருஷக்கணக்காகப் பெஞ்சில் காத்திருந்து, பிறகு அந்த இடத்தை யாருக்கும் விடாதவரைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சபாஷ் என்றார். உற்சாகத்தில் மாவ்பிக்காரர் சுவரில் மேலே இருந்த படத்தைக் கைகாட்டி, "இவரு ரயிலடி வரைக்கும் போயி, ரயில விட்டுட்டு வந்தவருதானே, அக்கோ? பெட்டியோட வந்து, ரயில் போயிடுச்சுன்னாராமே" என்றார்.

பெரியப்பாவின் கைக் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. அடுக்களையில் தண்ணீர் விழும் சத்தமும் நின்றது. அதன்பின் பெரியப்பா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நம் கழகம் கோல் போட்டபோது எல்லாரும் எழுந்து குதித்தார்கள். அவர் மாவ்பிக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்த ஆள் கும்பிட்டார். பெரியப்பா தலையை மட்டும் அசைத்தார்.

படியில் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். ரயில் கதையை யாரிடமாவது சொன்னாயா, வெற்றிலைக் கடையில், பள்ளிக்கூடத்தில், கோவிலில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. நீங்கள்தானே கோவிலில் எல்லாரிடமும் சொல்கிறீர்கள் என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். கோவிலில் ரயிலோடு நிறுத்திவிடுவாராம். பெட்டியோடு திரும்பி வந்து 'ரயில் போயிடுச்சு' என்றதை இந்த வீட்டுக்குள் மட்டும்தான் சொன்னாராம்.

"அது எந்தப் பத்திரிகையிலயும் இல்ல. அந்த ஆளு ரயிலடிக்கே போகல. நான் கட்டினது" என்றார்.

எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் பெரிய அடியாக இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். இடது காவலர் எப்போதும்போல இடுப்பில் கை வைத்து நின்றார். இந்தக் கதையே பொய் என்றால் கோல்காவலரின் நரைமுடி உண்மைதானா, முழங்கால் உண்மைதானா என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்படத் தொடங்கினேன்.

அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். ஈரக் கையை இடுப்பில் கட்டிய பர்மிய லுங்கியில் துடைத்துக்கொண்டாள். "நாந்தாண்ணே சொன்னேன்" என்றாள்.

அவள் போகும் ஃபெரி வண்டியை ஓட்டுகிறவர்தான் மாவ்பிக்காரர். சட்டை வாங்கச் சொன்னதும் அவள்தான். முதல் ஞாயிறு அவர் உளறிவைத்ததால், அந்த வாரம் முழுக்க வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து சுவரில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பெரியப்பா அந்தப் படங்களைக் கைகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை விடவில்லை. அவள் குரல் உயரவே இல்லை.

"அவங்கள வேற டீமு கூப்பிட்டுச்சு. அவங்க யோசிச்சுட்டு வேணாம்னாங்க. என்னையக் கேட்டு வந்தவங்களுக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்பிட்டீங்க. வந்தாங்கன்னுகூட எங்கிட்டச் சொல்லல."

எந்த டீம் அத்தையைக் கூப்பிட்டது என்று நான் யோசித்தேன். தொழிற்சாலையில் பெண்களுக்குப் பந்தாட்டம் நடத்துகிறார்களோ என்று நினைத்தேன்.

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பிள்ளைய யாரு பாக்குறது?"

"அதையும் அவருகிட்டப் பேசிட்டேன்" என்றாள் அத்தை.

எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தை கொய்யாவை உப்பு மிளகாய்ப்பொடி தூவி ஒரு தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பெரியப்பா ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் மென்றார். அரிசிப் பானையிலிருந்து ரேடியோ வெளியே வந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மாவ்பிக்காரர் வந்தார். பெரியப்பா அவரைப் பந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைக்கு வீடு ஒழுகுமா, பக்கத்தில் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். நான் கதவோரம் நின்று கவனித்தேன். பெரியப்பா சாதுரியமாக உளவறிகிறார், ஒருநாள் அந்த ஆள் மாட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு நாளும் மாட்டவில்லை. மாறாக, பெரியப்பாவை 'மச்சான்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வைகாசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், கோவிலில் கல்யாணம் நடந்தது. மறுநாள் மாவ்பிக்குப் போக ஃபெரி வண்டியே வந்தது. மிச்ச விடுமுறையை அங்கே கழிக்கலாம் என்று அத்தை சொன்னதால் நானும் ஏறினேன். அந்த மனிதர்மேல் என் சந்தேகம் தீரவில்லை. அத்தையைத் தனியே அனுப்பக் கூடாது என்றும் ஓர் எண்ணம். வண்டி நகரும்போது பெரியப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். விடுமுறை முடிந்ததும் வந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நான் இல்லாமல் பார்க்கக் கூடாது என்றேன். சரி என்றார். மூக்கை உறிஞ்சினார். வெயிலில் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

வழி முழுக்க வண்டி ஓட்டுகிறவரின் பின்னந்தலையைவிட்டு நான் கண் எடுக்கவில்லை. எந்தத் திருப்பத்தில் திரும்புகிறார், யாரைப் பார்த்துக் கை அசைக்கிறார் என்று ஒன்றுவிடாமல் மனத்தில் குறித்துக்கொண்டேன். மாவ்பியில் இறங்கி அத்தை பெட்டியைத் திறந்தபோது, மேலாக என் பள்ளிக்கூடச் சீருடையான பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் தேய்த்து மடித்தபடி இருந்தன. அத்தைக்கு ஞாபகமறதி, விடுமுறைக்கு எதற்கு இது என்று சொல்லி, அவற்றை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அத்தை அதைப் பார்த்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, வாரியிருந்த தலையை அவிழ்த்து மறுபடி வார ஆரம்பித்தாள்.