தோளில் சாய்ந்த தலை

2009 சம்பாவுக்குப் பூச்சி மருந்து அடித்த என் தம்பியை, வாந்தியும் மயக்கமுமாகச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தான். பார்க்க வந்த உறவினர்களோ என்னிடம், "மருந்து அடிச்சானா, இல்ல குடிச்சானா?" என்றே கேட்டார்கள். அந்தப் பேச்சு பொறுக்காமல், "இன்னும் ரெண்டு நாள் வச்சிப் பாக்கணும்மா" என்ற நர்ஸோடு சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தேன்.

பஸ்ஸில், "அக்கா, கழுத்து நிக்க மாட்டேங்குது" என்று என் தோளில் சாய்ந்தான். "தூங்குடா" என்றேன். புவனகிரி வருவதற்குள் மூச்சுத் திணறியது. ஆட்டோவில் திரும்ப ஓடியும் பிழைக்கவில்லை. ஆள் தெளிந்த பிறகும் அந்த விஷம் கழுத்தைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும் என்று டாக்டர் சொன்னார்.

துக்கத்துக்கு வந்தவர்களும் அடிச்சானா, குடிச்சானா என்றுதான் கேட்டார்கள்.

இப்போது யாரையாவது பூச்சி மருந்து விஷத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் நானே போய் நிற்கிறேன். எப்படி ஆச்சு என்று கேட்பதில்லை. "தலகாணியிலேர்ந்து தலையத் தூக்கு, பாக்கலாம்" என்று மட்டும் சொல்கிறேன்.