படிக்குப் பூசிய வெள்ளை

நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்தில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்காக எங்கள் லயத்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, மிஞ்சிய சுண்ணாம்பை வாசலின் ஐந்து கற்படிகளுக்கும் முழுக்கப் பூசிவிட்டேன். வாசலே பளிச்சென்று ஆனதில் எனக்குப் பெருமை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது கண்ணில் புரை. மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கியவள், இரண்டாம் படியிலேயே தடுமாறி விழுந்தாள். நல்லவேளை, முதுகிலிருந்த கொழுந்துக் கூடைதான் நசுங்கியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

“முந்தி ஓரமாச்சும் கறுப்பா தெரிஞ்சிச்சு. இப்ப எல்லாம் ஒரே வெள்ளை. படி எங்க முடியுதுன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?” என்றாள்.

அன்றே படிகளைத் தேய்த்துக் கழுவி, விளிம்பில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு போட்டேன்.

பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் அவள் கண் சரியாகிவிட்டது. ஆனாலும் நத்தாருக்கு நத்தார் கோட்டைப் புதுப்பிக்கிறோம். இப்போது கோடு போடுவது ஸ்டெல்லா. அதைப் பார்த்து இறங்குவது நான்.