குணா அண்ணை முகர்ந்து பார்த்த போத்தல்

காரின் கண்ணாடியை இறக்கியதும் வெட்டிய புல்லின் வாசம். பின் சீட்டில் மட்டன் ரோல்ஸ் வாசம். இரண்டும் கலந்த அந்தக் காற்று இன்னும் மூக்கில் நிற்கிறது...

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு செப்டம்பர் ஞாயிறு. லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருந்து கென்ட் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வைன் டேஸ்டிங் போனோம். நான், ரவி, டொக்டர் சிறி, குணா அண்ணை.

குணா அண்ணைக்கு மிச்சமில் ஒரு கார்னர் ஷொப். இருபது வருடமாக வைன் விற்றவர், ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. முருக பக்தர். அவரைக் கூட்டிப்போனதற்கு ஒரே காரணம், திரும்பி வரக் கார் ஓட்ட ஆள் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

எனக்கு அப்போதுதான் ஆபீசில் மேனேஜர் வேலை கிடைத்திருந்தது. யூடியூபில் பார்த்ததை வைத்துக்கொண்டு கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அதே மேசையில் ஆறேழு வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது... அன்று முழுக்க எனக்கு அதே கவலை.

மூன்றாவது வைன், ரெட். புதுப் போத்தலைத் திறந்து கைடு பெண் எல்லோருக்கும் ஊற்றினாள். செரிப்பழ வாசம், கொஞ்சம் மண் வாசம் என்றாள். குடித்துவிட்டுத் தலையாட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.

குணா அண்ணை கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"இது பழுதாப் போச்சு தம்பி."

"சும்மா இருங்கோ அண்ணை. குடிக்காத உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். இந்தப் போத்தல் கார்க் மூடியால் கெட்டிருக்கிறது என்று தன் ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார்.

யாரோ சிரித்தார்கள். இந்த மண்ணின் வாசமே அப்படித்தான் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எனக்கோ எழும்பி ஓடினால் போதும் என்றிருந்தது.

"நோ மேடம்... ப்ளீஸ், ஸ்மெல்."

அவள் முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். பிறகு உள்ளே போய், வைன் தயாரிக்கிற பெரியவரைக் கூட்டி வந்தாள். அவர் ஒரே ஒரு முறைதான் முகர்ந்தார். எல்லாக் கிளாஸையும் எடுக்கச் சொல்லி, வேறு போத்தல் திறந்தார். அப்போதுதான் எனக்கே செரிப்பழம் மணத்தது!

நீங்கள் வைன் துறையில் இருக்கிறீர்களா என்று பெரியவர் கேட்டார்.

"கார்னர் ஷொப்" என்றார் குணா அண்ணை. பெரியவர் நிமிர்ந்து நின்று கை கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டோம், எப்படி அண்ணை என்று.

"சனம் பாதி குடிச்ச போத்திலோட வந்து, பழுது, மாத்தித் தா எண்டு நிக்கும். மெய்யோ பொய்யோ எண்டு குடிச்சுப் பாக்க எனக்கு ஏலாது. அதால ஒவ்வொண்டையும் மணந்து பாத்தனான். மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி மாதிரி மணந்தால் மெய். மற்றதெல்லாம் நடிப்பு."

"கால் நோகுதோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லை. நீ என்ர சப்பாத்தைத்தான் மிதிச்சனி, காலை இல்லை."

இப்போது அந்தக் கடை இல்லை, விற்றுவிட்டார். கென்ட் வைன் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடக்கிறது. நாங்கள் நாலு பேரும் ஒரே காரில் போய் எத்தனையோ வருடம்...

போன மாதம் சிறியின் பிறந்தநாள், ஒரு பெரிய ரெஸ்டோரன்ட். வெயிட்டர் ருசி பார்க்கச் சிறிக்குக் கொஞ்சம் வைன் ஊற்றினான். சிறி அதைத் தொடவே இல்லை, அப்படியே குணா அண்ணை பக்கம் நகர்த்தினான். ஆரஞ்சு ஜூஸைக் கீழே வைத்துவிட்டு அவர் முகர்ந்தார். பத்துப் பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

"ஓம், ஊத்தச் சொல்லு."

இவர் யார் என்பதுபோல வெயிட்டர் என்னைப் பார்த்தான்.

"ஹீ இஸ் வித் மீ" என்றேன், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி.