இரண்டாவது படத்தில் இருந்தது

வினோதாவுக்குத் துப்பாக்கி மேல் ஒரு காலத்திலும் ஆசை இருந்ததில்லை. தமிழ் பேசத் தெரிந்த பெண்கள் பொலிஸுக்கு வேண்டும் என்று அறிவிப்பு வந்தது, விண்ணப்பம் போட்டாள், கிடைத்தது. பயிற்சியின் கடைசி வாரத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அட்டையில் சுடச் சொன்னார்கள். அவள் சுட்ட அட்டையை மட்டும் பயிற்றுநர் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கியிருந்தன. அடுத்த மாதமே விளையாட்டுப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே அவள் கைக்கு வந்தது பொயின்ட் டூ டூ பிஸ்டல். சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் ரவை. அடிப்பாகத்தின் விளிம்பில் மருந்து வைத்திருப்பார்கள். அந்த விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். சத்தம் குறைவு, உதறலும் குறைவு. இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் ஒரு கறுப்பு வட்டம், அதற்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்லப் பின்னால் இழுக்கிற அந்த ஒரு கணத்தில் அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் இருக்காது. தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். பத்திரிகையில் கடுகளவு படம் வந்தது.

திம்புள்ள பக்கம் ஊசிப்பாறைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அவளுடைய வீடு. அங்கே அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் பொலிஸில் இருக்கிறாள் என்பது தெரியும். விடுமுறைக்குப் போனால், தொலைந்த அடையாள அட்டைக்கு என்ன செய்யலாம், பக்கத்து டிவிசன்காரன் அடித்துவிட்டான் எங்கே முறைப்பாடு கொடுக்கலாம் என்று கேட்பார்கள். வட்டத்துக்குள் சுடுகிறதெல்லாம் ஒரு வேலையா என்று அண்ணி சுலக்ஷனா ஒருமுறை சிரித்தாள். அண்ணன் கோபிசங்கர் சிரிக்கவில்லை, ஆனால் அவனும் ஒன்றும் கேட்டதில்லை.

அவன் கேட்காதது அவளுக்கு வலித்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்து அவளைப் படிக்கவைத்தவன் அவன். உயர்தரப் பரீட்சை நாட்களில் மழைக்கு ரெட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு ஹட்டன் வரைக்கும் கூடவே வந்து, பரீட்சை முடியும் மட்டும் வெளியே நின்றவன். அவளுக்கு என்ன கிடைத்தாலும் அவனுக்குக் காட்டத்தான் தோன்றும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அழைத்து, "பாப்பா, ஒனக்கு இந்த பொயின்ட் டூ டூ பிஸ்டல் எல்லாம் நல்லாத் தெரியும்ல?" என்று கேட்டபோது அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது.

"அதுதானேண்ணே என் வேலையே. ஏன் கேக்குறீங்க?"

"கினிகத்தேனையில ஒரு கடை மொதலாளி இருக்காரு. அவரு மகன் அமெரிக்காவுல இருக்காராம். அங்க லைசன் எடுத்து வாங்கலாமாம். பேப்பர்லயும் சுட்டுப் பழகணும், மொசல் கிசலும் சுடணும், ரெண்டுக்கும் ஆகுற மாதிரி எது நல்லதுன்னு தெரியல. ரெண்டு படம் அனுப்பியிருக்காரு. என் தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"என் தங்கச்சிகிட்ட" என்று அவன் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அவளுக்கு அது போதும்.

படங்கள் வந்தன. விடுதிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரிதாக்கிப் பார்த்தாள். முதலாவது குட்டையானது, கறுப்பாக, புதிதாக மினுங்கியது. இரண்டாவது பழையது. நீளக் குழல், மரப் பிடி, விளிம்புகளில் சாயம் தேய்ந்து வெள்ளி தெரிந்தது.

"மொதப் படத்துல இருக்குறதப் பாத்து ஏமாற வேணாம்னு சொல்லுங்கண்ணே," என்று தொடங்கினாள். "குழல் குட்டை. கையில கொஞ்சம் அசைஞ்சாலும் குறி பெரிசா வெலகும். ரெண்டாவதப் பாருங்க, குழல் சட்டத்தோட ஒட்டி இறுக்கமா இருக்கு. முன்பக்கம் கொஞ்சம் பாரம். அந்தப் பாரம்தான் கைய நிதானமா வைக்கும். பின்னால குறி பாக்குற தகட்டுல சின்னத் திருகாணி தெரியுதா? அதத் திருப்பி மேல கீழ சரி பண்ணலாம்."

"ம்ம். பிடி?"

"மரப் பிடி. கைக்கு ஏத்த மாதிரி அரத்தால கொஞ்சம் ராவிக்கலாம். நாங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்வோம். விசை மட்டும் ரொம்ப இளக்கமா இருக்கக்கூடாது. காட்டுல கொண்டு திரியிறதுன்னா கூடவே கூடாது. ரவையும் ஒரே வகையா வாங்கச் சொல்லுங்க. ஒரு துப்பாக்கிக்குப் பிடிக்கிற ரவை இன்னொண்ணுக்குப் பிடிக்காது, விளிம்புல மருந்து சரியா பரவாட்டி வெடிக்காமயே போயிரும்."

அவன் இடையிடையே கேள்வி கேட்டான். எவ்வளவு கிட்டத்தில் நின்று சுட வேண்டும், எண்ணெய் எப்போது போட வேண்டும், ஈரம் பட்டால் என்ன ஆகும். இத்தனை நேரம் அண்ணன் தன்னுடன் ஒரே விஷயத்தைப் பேசியதாக அவளுக்கு நினைவே இல்லை. பேசி முடித்தபோது தொண்டை காய்ந்திருந்தது.

படத்தை மூடுமுன் ஒன்றைக் கண்டாள். இரண்டு துப்பாக்கிகளும் ஒரு வெள்ளைச் சாக்கின் மேல் கிடந்தன. ஓரத்தில் பச்சைக் கோடு. பாதி தெரிந்த சிங்கள எழுத்து. உரப்பை. அமெரிக்காவில் உரப்பையில் சிங்களம் எழுதியிருக்குமா?

அவனைத் திருப்பி அழைக்க நினைத்தாள். முதலாளி வேறு எங்கேயோ எடுத்த படமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படியே விட்டுவிட்டாள்.

மழைக்காலம் கழிந்தது. ஒரு நாள் காலைப் பயிற்சி முடிந்து வந்து பார்த்தபோது அண்ணி பல தரம் அழைத்திருந்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா செத்துப்போனாளாம்.

லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு என்றாலும், வினோதா சிறுவயதில் பாதி நாள் சாப்பிட்டது அந்த வீட்டில்தான். பேச்சியம்மா தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்த பிறகு விறகு பொறுக்கி, மகள் ஜீவராணிக்கு ஒத்தாசையாக இருந்தவள்.

"எப்பிடிண்ணி?"

"நேத்து அந்தி நேரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் வெறகுக்குப் போயிருக்காங்க. திரும்பி வந்து, ஏதோ கம்பு குத்திருச்சு, வெலாவுல வலிக்குதுன்னாங்க. பாத்தா பொட்டு மாதிரி ஒரு ஓட்ட. ரத்தமும் பெரிசா இல்ல. மஞ்சளப் பூசிப் படுக்கவச்சோம். விடிகாலையில வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே..."

பொட்டு மாதிரி ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே வினோதா விடுப்புக் கேட்கப் போனாள். அன்றே ரயிலேறினாள். ஹட்டனில் இறங்கும்போதே செய்தி பஸ்ஸில் பரவியிருந்தது: பிரேத பரிசோதனையில் வயிற்றுக்குள் ஈயக் குண்டு கிடைத்திருக்கிறது. மிகச் சின்னதாம்.

தோட்டத்தில் பொலிஸ் வந்து போயிருந்தது. வீடு வீடாக விசாரித்ததில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உடல் வந்து சேர்ந்த அன்று பனிமூட்டம் லயத்துக் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. தப்பு மேளச் சத்தம் ஈரத்தில் அமுங்கிக் கேட்டது. வினோதாவைக் கண்டதும் ஜீவராணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வினோ, நீ பொலிஸ்தானே. எங்கம்மா யாருக்கு என்னா செஞ்சிச்சு? நீ கண்டுபிடிச்சுக் குடு."

வினோதா அவள் தோளுக்கு மேலாக அண்ணனைத் தேடினாள்.

கோபிசங்கர் வாசலில் இல்லை. தேயிலை மலையின் ஓரத்தில், புதைகுழி வெட்டுகிறவர்களோடு நின்றான். மற்றவர்கள் ஆள் மாற்றி வெட்ட, அவன் மட்டும் மண்வெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லையாம். குழி தோள் உயரத்துக்கு இறங்கிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தானாம். போதும் ஏறு என்று மேலே இருந்தவர்கள் அதட்டித்தான் கைகொடுத்துத் தூக்கினார்களாம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் குளித்துத் திரும்பிய பிறகு, லயத்துக்குப் பின்னால் அவனுடைய மரக்கறிப் பாத்தியில் அவனைக் கண்டாள். அந்த வருஷம் தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்துபோக, லீக்ஸும் பீட்ரூட்டும் போட்டிருந்தான். பாதியை முள்ளம்பன்றி கிளறிப்போட்டிருந்தது. மீதியில் முயல் மேய்ந்த அடையாளம்.

அவன் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணே, அந்த மொதலாளி மகன் எத வாங்குனாரு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. மண்ணைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நீ சொன்னதத்தான், பாப்பா."

பிறகு மண் அப்பிய கையால் பாத்தியைக் காட்டினான். "மொசல்தான் பாப்பா. இந்தா, இந்தப் பாத்தியில உக்காந்திருந்திச்சு. புள்ளைங்க கறி திண்ணு எத்தன நாளு ஆச்சு. ஒரே ஒரு வெடி. மொசல் ஓடிருச்சு. நான் உள்ள வந்து படுத்துட்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பொட்டுக்கடல மாதிரி இருக்குற ரவை. அவ்வளவு தூரம் போகுமா அது?"

"ஒரு மைல் போகும்ணே."

அவன் அப்போதுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. வழி தெரியாத சின்னப் பையனின் முகம் போல இருந்தது.

"நீ அதச் சொல்லலியே பாப்பா."

சொல்லவில்லைதான். குழலைச் சொன்னாள், பிடியைச் சொன்னாள், திருகாணியையும் எண்ணெயையும் சொன்னாள். சுடுதளத்தில் முதல் நாள் முதல் பாடமாகச் சொல்லித்தருவது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்பதைத்தான். அவள் சுட்ட ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் யாரோ மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். அதனால் அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"அந்தப் படத்துல உரப்பையப் பாத்தேன்," என்றாள். "பாத்துட்டும் கேக்காம விட்டுட்டேன்."

அண்ணி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. சுலக்ஷனாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வினோதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாது வினோ. வெளி ஆளுங்க வந்து சுட்டதாத்தான் பேசிக்கிறாங்க. அத ஆத்துல போட்டுருவோம். ஒன்னய படிக்கவச்ச மனுசன். ரெண்டு புள்ளைங்க இருக்கு. வாய மூடிக்கிட்டுப் போயிரு தாயி."

லயத்தில் ஜீவராணி ஒப்பாரி வைக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. வினோதா அதைக் கேட்டபடி நின்றாள். ஒருநாள் முழுக்க யோசித்திருந்தால் மனம் மாறியிருக்குமோ என்னவோ.

"என்னால முடியாதுண்ணி. நான் போய்ச் சொல்லத்தான் போறேன். அண்ணே, நீங்களா வந்தா நல்லது."

சுலக்ஷனா கையை உதறினாள். கோபிசங்கர் எழுந்து பீலித் தண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அடுப்புக்கு மேலே விறகு அடுக்கியிருந்த இடத்தில் துணியில் சுற்றி வைத்திருந்ததை அவனே எடுத்துக் கொடுத்தான். வினோதா துணியோடு பிடித்து, மெகசினைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று பார்த்தாள். மரப் பிடியை அரத்தால் அழகாக ராவியிருந்தான். மேலே எண்ணெய் பூசியிருந்தது. துரு ஒரு புள்ளி இல்லை. சொன்னதை ஒன்று விடாமல் செய்திருந்தான்.

பொலிஸ் நிலையத்தில் அவன் வாக்குமூலம் கொடுத்த பிறகு, அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். பொறுப்பதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். "தங்கச்சி, உங்க பேர் இதுல வரணும்னு அவசியமில்லையே?"

"படம் என் போன்லதான் சேர் இருக்கு," என்றாள் அவள். போனை மேசையில் வைத்தாள்.

விசாரணை முடியும் வரை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு திரும்ப எடுத்தபோது, விளையாட்டுப் பிரிவில் அல்ல, ஒரு சின்ன ஊர் நிலையத்தில் முறைப்பாடு எழுதும் மேசையில் போட்டார்கள். பயிற்றுநர் ஒருமுறை அழைத்து, வழக்கு முடிந்ததும் பேசிப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் சேர் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

முப்பதாம் நாள் காரியத்துக்கு அவள் போனாள். ஜீவராணி வாசல்வரை வந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள். "அதுக்காகத்தான் இப்ப ஒன்னோட பேசுறேன். இதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல வினோ. நீ இங்க வராத."

கோபிசங்கர் விளக்கமறியல் சிறையில் இருந்தான். வழக்குக்குத் தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். துப்பாக்கியை விற்ற ஆளை இன்னும் பிடிக்கவில்லை. பார்க்க விடும் நாட்களில் வினோதாவும் சுலக்ஷனாவும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் மெலிந்துகொண்டே வந்தான். பிள்ளைகளைக் கேட்பான், பாத்தியில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்பான். வினோதாவிடம், "சாப்பிட்டியா பாப்பா?" என்பான்.

ஒருநாள் திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் நல்ல மழை. ஒதுங்க ஒரே இடம்தான் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு சுலக்ஷனா அவளிடம் வாய் திறந்தாள்.

"அடுத்த தடவ நீ வர வேணாம். ஒன்னயப் பாத்துட்டுப் போனா அவரு ரெண்டு நாளைக்குச் சோறு தொட மாட்டேங்குறாராம். உள்ளுக்குக் காவல் வேல பாக்குற ஒரு ஐயா சொன்னாரு."

"அவரே வர வேணாம்னு சொன்னாரா அண்ணி?"

"அவரு சொல்ல மாட்டாரு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். வினோதா சரி என்றாள். பஸ் வந்தது. சுலக்ஷனா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். அதில் இன்னும் இடம் இருந்தது. வினோதா அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.