ஈயம் யார் பையில்

இல்லை, ஈயத்தைக் கைப்பையில் எடுத்துப்போகாதீர்கள். ரேடியோவோடு சேர்த்து வேண்டவே வேண்டாம். நாங்கள் அப்படித்தான் போனோம். தொண்ணூற்றெட்டு டிசம்பர். ஹைதராபாத் ஏரி ஒன்றில், கரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் சின்னப் பாய்மரப் படகுகளுக்கான போட்டி.

நாங்கள் என்றால் நானும் சபீரும். கல்லூரியில் ஒரே வகுப்பு. தி. நகரில் அவன் அத்தாவின் படச்சட்டக் கடையில் மிஞ்சிய மரத்தில் படகைச் செய்தோம். அவன் இழைத்தான். நான் பாய் தைத்தேன். ஒரு மீட்டர் நீளம். அடியில் ஒரு தகடு, அதன் நுனியில் இரண்டரைக் கிலோ ஈயம். காற்றில் படகு கவிழாமல் பிடித்துவைப்பது அதுதான். பார்க்கச் சின்னக் குண்டு மாதிரி இருக்கும். எங்களுக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை.

படகு தெர்மகோல் பெட்டியில், பாய்மரம் பிளாஸ்டிக் குழாயில். இரண்டும் விமானத்தில் சரக்கோடு போய்விடும். ஈயத்தையும் அதில் வைத்தால் உருண்டு படகை உடைத்துவிடும் என்று பயந்தேன். அதனால் சபீரின் தோள்பையில் ஈயம், ரேடியோ, பேட்டரி. என் பையில் பாய்த்துணி. இரண்டையும் கட்டியது நான்.

காலை ஐந்தரைக்கு மயிலாப்பூரில் டாக்சி. மீனம்பாக்கத்துக்கு முக்கால் மணி நேரம். டிரைவர் குழாயைக் கூரையில் கட்டினார்.

"இன்னா நைனா, கொடிக்கம்பமா? எந்தக் கட்சி?"

"காத்தடிக்கிற பக்கம் போற கட்சிண்ணே," என்றான் சபீர்.

"அப்ப எல்லாக் கட்சியும்தான்."

விமான நிலையத்தில் பெண்கள் வரிசை சின்னது. நான் முதலில் கடந்துவிட்டேன். சபீரின் பையைத் திறந்தார்கள்.

"இன்னாய்யா இது, குண்டு மாதிரி கீது?"

"ஈயம் சார். படகு கவிழாம இருக்க."

"படகுக்கு இன்னாத்துக்கு ரேடியோ?" போலீஸ்காரர் அவன் போர்டிங் அட்டையில் பெயரைப் படித்தார். மறுபடி படித்தார். "ஓரமா வா."

ஷூ. பெல்ட். பர்ஸ். எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல். கோயம்புத்தூரில் யாராவது உண்டா? பிப்ரவரியில் அங்கே குண்டுகள் வெடித்திருந்தன.

திரும்பிப் போனேன். "சார், அந்தப் பையைக் கட்டினது நான்தான்."

"நீங்க யாரும்மா?"

"வைதேகி. மயிலாப்பூர், மாடவீதி."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? தம்பி, நீ போ."

ஈயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

விமானத்துக்குப் போகும் பேருந்தில் சபீர் சொன்னான்: "ஈயத்துக்குப் பதிலா உன்னைக் கட்டித் தொங்கவிடலாம், வைதேகி. படகு கவிழவே கவிழாது."

நான் சிரித்தேன். பெல்ட் இன்னும் அவன் கையில் இருந்தது.

போட்டியில் நான்காவதாக வந்தோம்.

போகிறவர்களுக்கு: ஈயத்தைத் துண்டில் சுற்றி, துணிப்பெட்டிக்குள் இறுக்கி வைத்துச் சரக்கில் போடுங்கள். ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். படகு தண்ணீரில் ஓடும் புகைப்படம் ஒன்று கையில் இருக்கட்டும். எல்லாம் நல்ல யோசனைகள். அன்று எங்களுக்குப் பலித்தது இவற்றில் எதுவும் இல்லை. பலித்ததை யோசனையாக எழுதக் கூசுகிறது.

ஊர் திரும்பும் காலையில் சபீர் என் அறைக்கு வந்தான். ஈயத்தையும் ரேடியோவையும் என் பெட்டியின் மேல் வைத்தான். நான் பெட்டியைத் திறந்து, என் துணிகளுக்கு நடுவே அவற்றை வைத்து மூடினேன்.